சின்னக் கூடாரத்தின் வாசல்

ஜூன் 2

அக்காவுக்கு வணக்கம்.

கவர்மேல இருக்கிற கையெழுத்து யாரோடதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இதுக்கு முன்னாடி நான் உங்களுக்கு எழுதினதில்ல. உங்க மகளோட அப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்டது என்னைத்தான். நாம ரெண்டு தடவை பார்த்திருக்கோம், ரெண்டு தடவையும் கோர்ட் வராந்தாவுல. நீங்க என்னைப் பார்க்காத மாதிரி சுவத்துல இருந்த நோட்டீஸைப் படிச்சிட்டு இருந்தீங்க. நானும் பஸ் டைம் பார்க்கிற மாதிரி போனைப் பார்த்துட்டு இருந்தேன்.

அவர்தான் எழுதியிருக்கணும். "என் பேரைப் பார்த்தாலே பிரிக்காம கிழிச்சிடுவா, நீயே எழுது"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். போன்ல பேசலாம்னா, போன தடவை நீங்க ரெண்டு பேரும் பேசினது எங்க மாடி, கீழ் மாடி, எதிர் வீடு எல்லாருக்கும் கேட்டுச்சு. இன்னும் என்னைப் பார்த்தா பாவமா பார்க்கிறாங்க.

விஷயம் இதுதான். இந்த லீவுல உங்க மக மிளகைக் கூட்டிட்டு ஏரிக்கரைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கலாம்னு இருக்கோம். பதினஞ்சாம் தேதி கிளம்பி பதினெட்டாம் தேதி திரும்பிடுவோம். குளிக்கிற இடம், கக்கூஸ், கேட்ல காவல் எல்லாம் இருக்கு. குடும்பம் குடும்பமா வர்ற இடம்தான். அவர் பெரிய டென்ட் ஒண்ணு வாங்கிட்டார். உள்ள நின்னா தலை இடிக்காது. நடுவுல ஒரு திரை போட்டா ரெண்டு ரூம் மாதிரி ஆயிடும். ஒரு பக்கம் நாங்க, ஒரு பக்கம் மிளகு. அவளுக்குக் காத்தடிக்கிற மெத்தை வாங்கியாச்சு. அவ ஏற்கெனவே அது மேல குதிச்சுப் பார்த்துட்டா.

நீங்க சரின்னு ஒரு வார்த்தை எழுதினா போதும். அவ ரொம்ப ஆசையா இருக்கா.

இப்படிக்கு,
டிரைவர் (டவுன் பஸ் ஓட்டுறேன், எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. நீங்க எப்படிக் கூப்பிட்டாலும் சரி.)


ஜூன் 5

நான் உங்களுக்கு அக்கா இல்லை. என்னோடு பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. பிழையோடு ஒரு தாள் என் மேசையில் கிடந்தால் எனக்கு வேலை ஓடாது. சிவப்பு மையில் இருப்பவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு துணித் திரைக்கு இந்தப் பக்கம் நீங்கள் இருவரும், அந்தப் பக்கம் என் மகள். இதை எழுதும்போது உங்களுக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லையா? அவளுக்குப் பன்னிரண்டு வயது. திரை என்பது சுவர் அல்ல. நீங்கள் இருமினால் அவளுக்குக் கேட்கும். அவள் புரண்டு படுத்தால் உங்களுக்குக் கேட்கும். உங்கள் வீட்டுக்காரர் போடும் குறட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருஷம் கேட்டவள் நான்.

அவளுக்குத் தனிக் கூடாரம் வேண்டும். உங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் அதன் வாசல் உங்கள் வாசலைப் பார்த்து இருக்கக் கூடாது. நல்ல துணியாக இருக்க வேண்டும், மேலே மழை மறைப்பு தனியாக இருக்க வேண்டும், ஜிப்பை உள்ளிருந்தே மூடித் திறக்க முடிய வேண்டும். காற்றடிக்கும் மெத்தை வேண்டவே வேண்டாம். வெறும் காற்று, தரையின் குளிர் அப்படியே மேலே ஏறும். அவளுக்குச் சளி பிடித்தால் மார்பில் இறங்கிவிடும் என்பதை அவளுடைய அப்பா மறந்திருப்பார். தடிமனான நுரைப் பாய் வாங்குங்கள். தூங்கும் பையை நான் அனுப்புகிறேன்.

இதற்கெல்லாம் சரி என்றால் வருவாள். இல்லையென்றால் வரமாட்டாள்.

அவளுடைய அம்மா


ஜூன் 8

மிளகோட அம்மாவுக்கு,

அக்கா வேணாம்னுட்டீங்க. மேடம்னு எழுதலாம்னு பார்த்தா எங்க டிப்போ மேனேஜர் ஞாபகம் வந்துடுது. அதனால இப்படி.

நீங்க திருத்தின கடிதாசி வந்துச்சு. இவ்வளவு சிவப்பை நான் சிக்னல்ல மட்டும்தான் பார்த்திருக்கேன். அவர்கிட்ட காட்டினேன். "எனக்கும் காதலிக்கும்போது இப்படித்தான் திருப்பி அனுப்பினா"ன்னு சொல்லிட்டு, சொல்லியிருக்கக் கூடாதுன்னு உடனே பாத்ரூமுக்குள்ள போயிட்டார்.

நீங்க சொன்ன மாதிரி சின்ன டென்ட் தேடிக் கடை கடையா ஏறி இறங்கினோம். ஒரு கடையில, தூக்கிப் போட்டா தானா குடை மாதிரி விரியற டென்ட் காட்டினாங்க. விரிஞ்சுது. மடிக்கத்தான் அந்தக் கடைக்காரருக்கே தெரியல. நாலு பேர் சேர்ந்து அதோட மல்லுக்கட்டிட்டு இருந்தப்போ நாங்க நைசா வெளிய வந்துட்டோம். இன்னொண்ணு ஒரு ஆள் மட்டும் படுக்கிறது. பாம்புப் பொந்து மாதிரி நீளமா, தாழ்வா இருந்துச்சு. அவர் உள்ள போய்ப் பார்க்கிறேன்னு போனவர் தோள்ல மாட்டிக்கிட்டார், காலைப் பிடிச்சுத்தான் இழுத்தேன். கடைசியில ரெண்டு கம்பி குறுக்க போற உருண்டை டென்ட் ஒண்ணு எடுத்தோம். உட்கார்ந்தா தலை இடிக்காது, ரெண்டு பேர் படுக்கலாம், மழைத்துணி தனியா இருக்கு. டிப்போ பின்னாடி காலி இடத்துல கட்டி, பஸ் கழுவுற பைப்பால தண்ணி அடிச்சுப் பார்த்துட்டேன். ஒரு சொட்டு உள்ள வரல.

ஆனா இப்போ நான் ஒண்ணு கேட்கிறேன். பன்னெண்டு வயசுப் பொண்ணு, இதுவரைக்கும் தனியா படுத்ததே இல்லைன்னு அவளே சொல்றா. தெரியாத இடம், சுத்தி மரம். அவளைத் தனியா ஒரு டென்ட்ல போட்டு, வாசலையும் அந்தப் பக்கம் திருப்பி வெச்சா, பயந்தா யாரைக் கூப்பிடுவா? உங்களுக்குக் கோபம் என் மேலதானே? அதுக்கு அவ ஏன் இருட்டுல முழிச்சிட்டு இருக்கணும்?

நான் சொல்றது இது. நானும் மிளகும் பெரிய டென்ட்ல படுத்துக்கிறோம். அவரைச் சின்னதுல போட்டுடலாம், குறட்டையும் அவரும் அங்கயே கிடக்கட்டும். இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?

டிரைவர்


ஜூன் 11

என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

அவள் பிறந்ததிலிருந்து என் பக்கத்தில்தான் படுக்கிறாள். அவர் பெட்டியோடு வெளியேறிய நாளிலிருந்து, காலைத் தூக்கி என் இடுப்பில் போட்டுக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். காலையில் என் முதுகு பலகையாகியிருக்கும். அப்படியே எழுந்து அச்சகத்துக்குப் போவேன். அவள் தூக்கத்தில் யார் மேல் கால் போடுகிறாள் என்பதை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை.

என் வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒரு ஆள் உங்கள் பக்கம் வந்து படுத்தாயிற்று. ஒன்று போதும்.

பயந்தால் யாரைக் கூப்பிடுவாள் என்று கவலைப்படுகிறீர்கள். அவளுக்கு அப்பா என்று ஒருவர் இருக்கிறார், கூடவே வருகிறார். அவரைக் கூப்பிடட்டும். அந்த ஒரு வேலையாவது அவர் செய்யட்டும்.

தனிக் கூடாரம். அவள் மட்டும். வாசல் வேறு பக்கம். இதில் பேரம் இல்லை. இதற்குச் சம்மதிப்பதே இந்த ஒருமுறைதான். நாளைக்குப் பெரியவளாகிவிட்டால் இந்தக் கூடாரம், ஏரி, அப்பா வீட்டுக்குப் போவது எதுவும் கிடையாது என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றாள். நான் வளர்த்த பெண், சொன்னால் புரிந்துகொள்வாள்.

தூங்கும் பை இத்துடன் வருகிறது. உள்ளே பறவை இறகு. நல்ல பொருள், பார்த்துப் பார்த்து வாங்கினேன். நனையக் கூடாது. முக்கியமாகத் துவைக்கக் கூடாது. துவைத்தால் இறகு கட்டி கட்டியாகிவிடும், பிறகு அது பை இல்லை, மூட்டை. இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவளுடைய அம்மா


ஜூன் 14

மிளகோட அம்மாவுக்கு,

பை வந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. நுரைப் பாயும் வாங்கியாச்சு. அந்தக் காத்து மெத்தையில இப்போ பக்கத்து வீட்டு நாய் படுத்திருக்கு.

சின்ன டென்ட், அவ மட்டும். வாசல் எங்களைப் பார்க்காது, ஏரியைப் பார்க்கும். அவ கழுத்துல ஒரு விசில் மாட்டிவிடப் போறேன், அதுக்கும் உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா தெரியல. வாங்காமலே மாட்டுறேன்.

"ஒண்ணு போதும்"னு எழுதினீங்களே, அதைப் படிச்சிட்டு ஒரு நல்ல பதில் எழுதினேன். எழுதிட்டு நானே கிழிச்சுப் போட்டுட்டேன். சின்னப் பொண்ணு லீவுக்குக் கிளம்புறா, அவளுக்காக. உங்களுக்காக இல்ல.

நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போறோம். நான் கீழ வண்டியிலயே இருக்கேன், மேல வர மாட்டேன். பயப்படாதீங்க.

டிரைவர்


ஜூன் 20

என்ன நடந்தது?

தூங்கும் பை ஒரு குப்பைப் பைக்குள் சுருட்டித் திணிக்கப்பட்டு வந்திருக்கிறது. இன்னும் ஈரம் காயவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு வாசனை அடிக்கிறது. இறகெல்லாம் ஒரு மூலையில் எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகக் கட்டி தட்டியிருக்கிறது. துவைக்கக் கூடாது என்று எழுதினேன். அதைக்கூடப் படிக்கத் தெரியாதா?

பை போனால் போகிறது. பெண்ணுக்கு என்ன ஆயிற்று? வந்ததிலிருந்து அவள் அவளாக இல்லை. பாத்ரூமுக்குள் போனால் வெளியே வருவதில்லை. பள்ளிப் பையை நான் தொட்டால் பிடுங்கிக்கொள்கிறாள். "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்ல". "ஏரியில விழுந்தியா? ராத்திரி பயந்தியா? வாந்தி எடுத்தியா?" என்றால் "ஐயோ, ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!" கூடத்து சோபாவில் படுத்துக்கொள்கிறாள். என் பக்கத்தில் படுக்க வரவில்லை. நான்கு நாளில் என் பிள்ளையை என்ன செய்து அனுப்பினீர்கள்?

பதில் உடனே வேண்டும். இல்லையென்றால் வக்கீல் மூலமாகக் கேட்பேன்.

அவளுடைய அம்மா


ஜூன் 23

மிளகோட அம்மாவுக்கு,

சொல்ல மாட்டேன்.

அவளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. யாரும் அவளை அடிக்கல, திட்டல, பயமுறுத்தல. தண்ணியில விழல. இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். மீதி அவளோட விஷயம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. அவ அப்பாவுக்கே தெரியாது.

பையைத் துவைச்சது நான். துவைக்கக் கூடாதுன்னு நீங்க எழுதினது நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் இருந்தும்தான் துவைச்சேன். வேற வழி இல்ல. அதே மாதிரி ஒண்ணு வாங்கித் தர்றேன்.

அவளை நோண்டாதீங்க. அவளா சொல்லும்போது கேளுங்க. கத்தாம கேளுங்க. உங்களால முடியும்னா.

வக்கீலைக் கூட்டிட்டு வாங்க. டிப்போவுக்கே வரச் சொல்லுங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியும். டீ வாங்கித் தர்றேன்.

டிரைவர்


ஜூன் 25

என் மகளின் ரகசியம் உங்கள் கையில் இருக்கும், நான் கை நீட்டிக் கெஞ்ச வேண்டும். இதைத்தான் இவ்வளவு நாளாக எதிர்பார்த்தீர்களா? கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருங்கள்.

அவருக்குப் போன் செய்தேன். "எனக்கு எதுவும் தெரியாது. மூணாம் நாள் காலையில என்னைப் பால் வாங்க அனுப்பிட்டாங்க. வந்து பார்த்தா ரெண்டு பேரும் குழாயடியில எதையோ கும்மிட்டு இருந்தாங்க. என்னன்னு கேட்டா பேச்சே இல்ல. நானும் விட்டுட்டேன்" என்கிறார். விட்டுவிட்டாராம். அவருக்கு அது எப்போதும் கைவந்த கலை.

நேற்று மிளகிடம் சொல்லிவிட்டேன். இனி அந்த வீட்டுக்குப் போவது இல்லை. மாதாமாதம் பகலில் போய்வருகிற இரண்டாவது சனி ஞாயிறும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் இதுவரை செய்யாத காரியம். "நான் ஒண்ணுமே சொல்லலையே! அப்புறம் எதுக்கு நிறுத்துற?" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அழுகிற சத்தம். நான் கூப்பிடக் கூப்பிட அழுகை அதிகமானதே தவிர நிற்கவில்லை.

ஊரில் எல்லாரும் ஏறி இறங்குகிற பஸ்ஸை ஓட்டுகிறவர் நீங்கள். யார் வீட்டுப் பிள்ளையும் உங்களுக்குப் பயணிதான். கொண்டுபோய் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு அப்படி இல்லை.

இதற்கு மேல் உங்களுக்கு எழுத மாட்டேன்.


ஜூன் 29

மிளகோட அம்மாவுக்கு,

நீங்க எழுத மாட்டேன்னாலும் நான் எழுதியாகணும். கிழிக்கிறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டுக் கிழிங்க.

நேத்து சாயங்காலம் ஸ்கூல் ஸ்டாப்ல மிளகு என் பஸ்ல ஏறினா. உங்க வீட்டுப் பக்கம் போற பஸ் இல்ல அது. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாடியே நின்னா. ஓட்டும்போது பேசக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். எல்லா ஸ்டாப்லயும் ஆள் இறங்கி இறங்கிக் கடைசியில பஸ்ஸுல நானும் அவளும்தான். கடைசி ஸ்டாப்ல வண்டியை நிறுத்தினதும் முன் சீட்டுல உட்கார்ந்து அழ ஆரம்பிச்சிட்டா.

"அம்மா இனிமே அனுப்ப மாட்டேங்கறா."

"தெரியும்."

"நீ சொல்லிட்டியா?"

"உங்கம்மாகிட்டயா? அவங்க என்னை வக்கீல் வெச்சு மிரட்டினாங்க. அப்பவும் சொல்லலடி."

"அப்புறம் எப்படி அவளுக்குத் தெரிஞ்சுது?"

"அவங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாததுனாலதான் பயப்படுறாங்க. உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைக்கிறாங்க."

ரொம்ப நேரம் ஜன்னல் ரப்பரைப் பிய்ச்சிட்டு இருந்தா. அப்புறம்தான் நான் கேட்டேன், நான் சொல்லட்டுமான்னு. "நீயே எழுதிடு. எனக்கு அவ முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது"ன்னா. அதனால எழுதுறேன். அவ சொல்லச் சொன்னதுனால மட்டும்தான்.

ஏரிக்கரையில மூணாம் நாள் காலையில அவளுக்குப் பீரியட்ஸ் வந்துடுச்சு. முதல் தடவை. தூங்குற பையெல்லாம் கறை ஆயிடுச்சு. அதான் துவைச்சோம். தேவையானது என்கிட்ட இருந்துச்சு, கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதைத்தான் ஸ்கூல் பேக்ல ஒளிச்சு வெச்சிருக்கா. ராத்திரி பக்கத்துல படுத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னுதான் சோபா.

ஏன் உங்ககிட்ட சொல்லலன்னு கேட்பீங்க. பெரியவளாயிட்டா டென்ட்டும் கிடையாது, அப்பா வீடும் கிடையாதுன்னு நீங்கதான் சொல்லியிருந்தீங்க. அவ கணக்கு ரொம்ப சிம்பிள். உங்களுக்குத் தெரியாத வரைக்கும் அவ பெரியவ இல்ல. தெரியாமலே இருந்தா வரலாம், போகலாம். ஆனா நீங்க தெரியாமலே நிறுத்திட்டீங்க. அதான் தட்டைத் தள்ளினா.

உங்களை நல்லா நாலு கேள்வி கேட்கணும்னுதான் பேனாவை எடுத்தேன். ஒரு பொண்ணு உடம்புல நடக்கிறதுக்கு அவளுக்கே தண்டனை வெச்சிருந்தீங்களேன்னு. அதைக் கேட்டுட்டேன்.

இன்னொண்ணும் எழுதிடறேன், நல்லவ வேஷம் போட எனக்கு வராது. சத்தியம் வாங்கிட்டு அவ என் கையைப் பிடிச்சப்போ, உங்களுக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும்னு மனசுக்குள்ள ஒரு குஷி வந்துச்சு. நீங்க வக்கீல்னு எழுதின அன்னைக்கும் அந்தக் குஷி இருந்துச்சு. நேத்து அவ அழுதப்போதான் போச்சு.

பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு, எங்க வண்டியில கூட்டிட்டு வந்து உங்க தெருமுனையில அவளை இறக்கிவிட்டேன். அவ உங்க கேட்டுக்குள்ள போற வரைக்கும் வண்டியை எடுக்கல. பின்னாடி கார்க்காரன் ஹாரன் அடிச்சே செத்துட்டான். பயணியை இறக்கிவிட்டா வேலை முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்க. அதுக்காக இதைச் சொல்றேன்.

டிரைவர்


ஜூலை 3

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகை திருத்திக்கொண்டிருந்தேன். அதில் மாப்பிள்ளையின் பெயரே தப்பாக அச்சாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. முதலாளி திட்டாமல் "வீட்டுக்குப் போம்மா" என்றார்.

வீட்டுக்குப் போனேன். அவள் பள்ளியிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை. "வலிச்சுதா?" என்றேன். "கொஞ்சம்" என்றாள்.  அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "இன்னும் அனுப்ப மாட்டியா?" என்று கேட்டாள். அனுப்புவேன் என்றேன். இதை உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதற்காக எழுதவில்லை. சனிக்கிழமை வருவாள், தயாராக இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் மன்னிக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்பே அவளை உட்கார வைத்துப் படம் வரைந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தேன். அலமாரியில் மேல் தட்டில் எல்லாம் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. அவள் ஓடி வந்து என்னிடம்தான் சொல்வாள், நான் என்ன செய்வேன், எப்படி அணைத்துக்கொள்வேன் என்று நினைத்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் நான் எங்கேயோ உட்கார்ந்து யாருடைய எழுத்துப் பிழையையோ திருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள். தனிக் கூடாரம் வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அத்தனை கடிதம் எழுதியும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

எனக்கு உங்களிடம் ஒன்று வேண்டும். கேட்பது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அன்று காலையில் என்ன நடந்தது என்று முழுவதும் எழுதுங்கள். அவளிடம் கேட்டால், "அதெல்லாம் மறந்துட்டேம்மா, விடு" என்கிறாள். அவள் பயந்தாளா, முதலில் என்ன சொன்னாள், நீங்கள் என்ன சொன்னீர்கள் எல்லாம் வேண்டும். ஆறுதல் சேர்க்க வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

மிளகின் அம்மா


ஜூலை 6

மிளகோட அம்மாவுக்கு,

எழுதுறேன்.

வெயில் வந்துடுச்சு. அவர் அடுப்பைப் பத்த வெச்சிட்டு இருந்தார், அது பத்தல. மத்த டென்ட்ல எல்லாம் ஆள் எழுந்து பல் தேய்ச்சிட்டு இருக்காங்க. மிளகு டென்ட் மட்டும் மூடியே இருந்துச்சு. அவர் போய் மழைத்துணியைப் பிடிச்சு உலுக்கி, "எழுந்திரு கழுதை, ஏரியே வத்திடப் போகுது"ன்னார். உள்ளேர்ந்து "போங்கப்பா!"ன்னு ஒரு கத்தல். பக்கத்து டென்ட் ஆளெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. "என்ன திமிரு பாரு"ன்னு மறுபடி உலுக்கப் போனார். எனக்கு அந்தக் கத்தல் என்னவோ மாதிரி இருந்துச்சு. பால் தீர்ந்துடுச்சுன்னு சொல்லி அவரைக் கேட் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். பால் இருந்துச்சு.

வாசல் பக்கம் போய்ப் புல்லுல உட்கார்ந்தேன். "நான்தான்"னேன். "நீயும் போ"ன்னா. "வயித்து வலியா?"ன்னேன்.  போகாம உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல ஜிப் ஒரு சாண் அளவுக்குத் திறந்துச்சு. ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு, சுருட்டின பைஜாமாவோட. "இது எப்படிப் போகும்?"னு கேட்டா. நீங்க கேட்டீங்களே, அவ முதல்ல கேட்டது அதுதான். குரல்ல அழுகை இல்ல. எரிச்சல்தான் இருந்துச்சு.

"பச்சைத் தண்ணியில போகும்"னேன். "உள்ள வரட்டுமா?"

"வேணாம்."

அப்புறம், "வா. ஆனா பார்க்காத."

அதனால பின்பக்கமா தவழ்ந்து உள்ள போனேன். முதல்ல என் பின்பக்கம், அப்புறம் முதுகு, கடைசியில தலை. ரிவர்ஸ்ல வண்டி எடுக்கிற மாதிரி. டென்ட்டே ஆடுது. அதைப் பார்த்து அவ சிரிச்சிட்டா. சத்தியமா சிரிச்சா. என் முகம் வாசலைப் பார்த்து, அவ என் முதுகுக்குப் பின்னாடி. பார்க்காமலே ஒவ்வொண்ணா பின்னாடி நீட்டினேன். எப்படின்னு சொல்லப் போனேன். "தெரியும், அம்மா சொல்லியிருக்கா, படம் போட்டு"ன்னா. கொஞ்சம் கழிச்சு, "படத்துல இவ்வளவு இல்ல"ன்னா.

"பயமா இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. அசிங்கமா இருக்கு. நீ பஸ் ஓட்டும்போது வந்தா என்ன பண்ணுவ?"

"ஓட்டுவேன்."

"வலிச்சா?"

"மெதுவா ஓட்டுவேன்."

அழுதது அதுக்கப்புறம்தான். பையைப் பார்த்துட்டு அழுதா. "அம்மா இதைத் துவைக்கக் கூடாதுன்னு சொன்னா, துவைக்காட்டி அவளுக்குத் தெரிஞ்சிடும்"னு திரும்பத் திரும்பச் சொன்னா. என் சட்டையைப் பின்னாலிருந்து பிடிச்சுக்கிட்டா. நான் திரும்பல. அவ பார்க்காதன்னு சொல்லியிருந்தா. திரும்பி அணைச்சிருக்கலாமோன்னு இப்பவும் தோணுது. எது சரின்னு எனக்குத் தெரியல, எனக்குப் பிள்ளை கிடையாது.

அழுகை அடங்கினதும், "எங்கம்மாவுக்கும் வலிக்குமா?"ன்னு கேட்டா.

"தெரியலையே"ன்னேன்.

"வலிக்கும். அந்த நாள்லெல்லாம் அவ பேனா மூடியைக் கடிச்சிட்டே வேலை பார்ப்பா. என்னம்மான்னு கேட்டா, இந்தப் புத்தகத்துல பிழை ஜாஸ்தின்னு சொல்லுவா. எனக்கு அப்பவே தெரியும், பிழை இல்லைன்னு. கண்டுபிடிச்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். டிவி சத்தத்தை மட்டும் குறைச்சிடுவேன்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் வெளிய வந்து, குழாயடிக்குப் போனோம். அவர் பாலோட வந்தார்.

ஆறுதல் எதுவும் சேர்க்கல, விட்டதும் இல்ல. இதை எழுத எனக்கு இஷ்டமே இல்ல. அவகிட்டேர்ந்து எனக்குன்னு கிடைச்சது அந்த ஒரு காலைப்பொழுதுதான், யாருக்கும் கொடுக்காம வெச்சுக்கணும்னு இருந்துச்சு. இனிமே அது உங்ககிட்டயும் இருக்கும்.

டிரைவர்